கோயில் திரை பாலியஸ்டர், தீப்பிடிக்காமல் செய்ய வழி உண்டா?

தையல்காரி_சுங்கைசிப்புட்
வணக்கம். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திரை தைத்துக் கொடுப்பது நான்தான். போன திருவிழாவில் குத்துவிளக்குச் சுடர் பட்டு திரை பற்றிக்கொண்டது, உருகிய சொட்டு ஒரு பையன் கையில் விழுந்து தோலோடு ஒட்டிவிட்டது. காயம் ஆறிவிட்டது, ஆனாலும் நான் தைத்த துணியாயிற்றே, மனசு ஆறவில்லை. வெண்காரமும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்துத் துணியை முக்கிப் பார்த்தேன். பருத்தித் துண்டு கருகி அணைந்தது, பாலியஸ்டர் துண்டு அப்படியே எரிகிறது. எங்கே தவறு?

பழைய_மில்காரன்
தவறு உங்களிடம் இல்லை அக்கா. 100 கிராம் பருத்தி சாதாரணமாகவே 8 கிராம் அளவுக்கு ஈரம் வாங்கும், பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது, அப்புறம் உங்கள் மருந்து எப்படி உள்ளே போகும்? மேலே ஒட்டியதும் ஒரு சலவையில் போய்விடும். இதை நூலாக இழுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பாலியஸ்டர் தயாராகும்போதே பாஸ்பரஸ் உள்ள ஒரு சேர்மத்தை அதன் சங்கிலியிலேயே கோத்துவிடுவார்கள், டிரெவிரா சிஎஸ் என்ற பெயரில் விற்கும் துணி அந்த வகைதான், எத்தனை முறை துவைத்தாலும் குணம் போகாது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், சாதாரண பாலியஸ்டர் எரிய கிட்டத்தட்ட அவ்வளவே போதும், இந்த வகைக்கு அதைவிட நன்றாகவே கூடுதலாக வேண்டும், அதனால் நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். ஆனால் இதுவும் 260 டிகிரியை ஒட்டி உருகத்தான் செய்யும். விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

செம்பனை_போய்லர்
நான் ஆலையில் போய்லர் பக்கம் வேலை. எங்களுக்குத் தந்த சட்டை பாதி பருத்தி பாதி பாலியஸ்டர், பருத்தி கலந்தால் நல்லது என்று நினைத்திருந்தேன். அது மோசம் அண்ணே, தனிப் பாலியஸ்டர் உருகி நெருப்பை விட்டு விலகும், கலப்பில் கருகிய பருத்தி விளக்குத் திரிபோல நின்று உருகியதைப் பிடித்து எரிய வைக்கும். நோமெக்ஸ் மாதிரி அராமிட் (வெப்பம் தாங்கும் செயற்கை இழை) துணி உருகாது, கருகும், ஆனால் விலை அதிகம், கோயில் திரைக்குக் கட்டாது.

தையல்காரி_சுங்கைசிப்புட்
ஐயோ, நான் எல்லாத் திரைக்கும் பருத்தி லைனிங் கொடுத்துத்தான் தைக்கிறேன்! அதுவும் திரி மாதிரிதானே?

பழைய_மில்காரன்
ஆமாம் அக்கா, லைனிங்கை எடுத்துவிடுங்கள். பருத்தி நூலும் வேண்டாம், துணியோடு தையல் நூலும் நான் சொன்ன அந்தப் பாஸ்பரஸ் வகைப் பாலியஸ்டராக இருக்கட்டும். வாங்கும்போது சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். தைத்த பிறகு ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, வெளியே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

தையல்காரி_சுங்கைசிப்புட்
சரி அண்ணே. நாளைக்கு ஈப்போ போகிறேன், கடையில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன். பழைய திரைகளைக் கழற்றச் சொல்லிக் கமிட்டித் தலைவருக்கு இப்போதே போன் போடுகிறேன்.