புதுப்பிப்பு: லாங்போர்டில் கால் பட்டை மாட்டலாமா? கடைசியில் வேலை செய்தது இதுதான்

போன மாதம் கேட்டிருந்தேன்: பெசன்ட் நகர் பக்கம் லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) ஓட்டும்போது, ரோட்டில் ஒட்டுப்போட்ட இடங்களில் முன்கால் வழுக்கி முன்னே போகிறது, கால் பட்டை மாட்டலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

யார் தடுத்தும் கேட்காமல் முதலில் பட்டையைத்தான் மாட்டினேன். பழைய பையின் வார், பலகையில் நாலு துளை. இரண்டே நாள்தான் தாங்கியது. உந்தும்போது முன்பாதம் போகும் திசைக்குத் திரும்ப வேண்டும், பட்டை விடவில்லை. நாய் குறுக்கே வந்தபோது குதித்து இறங்கவும் முடியாமல் முழங்கை தேய்ந்ததுதான் மிச்சம். "ஊருக்குள்ளே காலைக் கட்டாதீங்க" என்றவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கைகொடுத்தது ஃபுட் ஸ்டாப் (பாதம் முன்னே வழுக்காமல் தடுக்கும் சின்ன முட்டு) யோசனை. முன் ட்ரக்கின் (பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சு) பின்வரிசை போல்ட் ஒன்றைக் கழற்றி, 50 மி.மீ. போல்ட்டில் பழைய புஷ்ஷிங்கை (ட்ரக்கில் இருக்கும் ரப்பர் மாதிரி வளையம்) கோத்து, பலகைக்கு மேலே நிற்கும்படி முடுக்கினேன். பாதம் அதில் முட்டி நிற்கிறது. வேண்டும்போது சட்டென்று எடுக்கலாம்.

எதிர்பாராதது ஒன்று: ஸ்கேட் போல்ட்டின் 10-32 மரை (அங்குல அளவு) இங்கே ஹார்டுவேர் கடையில் கிடைக்கவில்லை. எம்5 (5 மி.மீ. மெட்ரிக் அளவு) போல்ட் துளையில் நுழைந்தது, ஆனால் பழைய நட்டு அதில் சேராது. எம்5 நைலாக் நட்டும் (அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது) சேர்த்தே வாங்குங்கள்.

குழியில் கால் மேலே எழும்புவதை இது தடுக்காது. அதற்கு 70 மி.மீ. விட்டம், 78ஏ கடினத்தன்மை உள்ள மென்சக்கரம் மாற்றியபின்தான் தேவலாம். பலகையில் போட்ட நாலு துளையை எப்படி அடைப்பது என்று இன்னும் பார்க்கவில்லை.