தகர ஷெட்டுக்குள்ள சூடு குறைக்க உதவி வேணும் (ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம்)

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். நாங்க வேலூர்ல இன்ஜினியரிங் படிக்கிறோம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஆம்பூர்ல ஷூ அப்பர் (ஷூவோட மேல்பகுதி) தைக்கிற ஒரு சின்ன யூனிட்டோட சேர்ந்து வேலை பண்றோம், தகர ஷீட் கூரை, மெஷின்ல உக்காந்திருக்கிறது முக்கால்வாசி பொம்பளைங்கதான், கத்திரி வெயில்ல மதியம் ஆச்சுன்னா ஃபேன் காத்தே அனலா அடிக்கும். 2024ல நம்ம அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சாங்க, நல்ல விஷயம், ஆனா ஷெட்டுக்குள்ள வேகுறவங்களப் பத்தி இன்னும் நெறைய பேசணும்.

கூரைக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிக்க ஓனர் சம்மதிச்சுட்டாரு. நம்ம ஊரு தூசில அது எத்தனை வருஷம் தாங்கும்? வருஷா வருஷம் கழுவணுமா? அடிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

அப்புறம் முக்கியமா, ஒப்பிட்டுப் பாக்க பெயிண்ட் அடிக்காத அதே மாதிரி இன்னொரு ஷெட் வேணும். சூட்டை அளக்கிற மீட்டர் மட்டும்தான் மாட்டுவோம், ஈரப்பதமும் சேத்து பாக்கணும், அது ஏறினா வேர்வை காயாது, உடம்பு சூடும் இறங்காது. வேலைக்கு தொந்தரவு வராது, யூனிட் பேரையும் ரிப்போர்ட்ல போடமாட்டோம். தெரிஞ்ச ஓனருங்க இருந்தா இன்பாக்ஸ் பண்ணுங்க ப்ளீஸ், கத்திரி ஆரம்பிக்கிறதுக்குள்ள மாட்டியாகணும்.