கிணற்றுப் புள்ளிக்குப் பக்கத்தில் குட்டி அட்டவணை: கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) லேபிளில் பத்திகள் நேராக நிற்குமா?

கிணற்றுத்தவளை:
38 கண்காணிப்புக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் மூன்று முறை தண்ணீர் எடுத்து பிஎச், நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் பார்த்திருக்கிறோம். முடிவுகள் தனி சிஎஸ்வி கோப்பில், ஒரு சோதனைக்கு ஒரு வரி. கிணறுகள் வேறு லேயரில் புள்ளிகளாக. ஏ3 தாளில் அச்சிட வேண்டும்; ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி, மேலே தலைப்பு, கீழே தேதிவாரியாக மூன்று வரி. "பழைய ஆட்டோகேட் படத்தில் இருந்ததே, அதே மாதிரி" என்கிறார் மேலாளர். அதை யாரோ கையால் தட்டியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் கோப்பையும் லேயரையும் இணைக்க ஜாயின் போட்டேன். கிணற்றுக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது, மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. அப்புறம் அக்ரிகேட் ஃபங்ஷனில் கிணற்று எண்ணை வைத்து வடிகட்டி, மூன்று வரிகளையும் ஒட்டினேன். வரிகள் வந்தன, ஆனால் 7.2 ஓரிடம், 48.5 ஓரிடம் என்று பத்திகள் கோணலாக நிற்கின்றன. இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல்லின் டேபிள் டேகும் போட்டுப் பார்த்தேன், கட்டமே வரவில்லை. என்ன செய்யலாம்?

அட்சரேகை:
மேப் டிப் போடுங்கள். அதில் எச்டிஎம்எல் டேபிள் அழகாக வரும். மவுஸை மேலே வைத்தால் போதும்.

கிணற்றுத்தவளை:
தாளின் மேல் மவுஸை வைக்க முடியாதே நண்பரே!

பழைய சர்வேயர்:
லேபிளுக்கு அட்டவணை என்றால் என்னவென்றே தெரியாது, அதற்கு எல்லாம் எழுத்துச் சரம்தான். எச்டிஎம்எல்லை அனுமதித்தாலும் நிறம், தடிமன், சாய்வு போன்ற சிலதைத்தான் எடுத்துக்கொள்ளும், டேபிளை அல்ல. எனவே அட்டவணை மாதிரி தோன்ற வைப்பது நம் வேலை.

எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவை எடுங்கள்; கூரியர் நியூ அல்லது டேஜாவு சான்ஸ் மோனோ. ஒவ்வொரு மதிப்பையும் முதலில் ஃபார்மேட் நம்பரில் விட்டுத் தசம இடங்களைச் சமமாக்குங்கள். அதன் பிறகு எல்பேட் போட்டு, இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பி ஒரே அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். அகலத்தைத் தாராளமாக வையுங்கள், ஏனென்றால் மதிப்பு அதைவிட நீளமாக இருந்தால் எல்பேட் சத்தமில்லாமல் நறுக்கிவிடும். ஒரு தடவை எனக்கு நான்கு இலக்க மதிப்பு மூன்று இலக்கமாகி அச்சுக்கே போய்விட்டது. பல வரி லேபிளின் ஒழுங்கை இடப்பக்கம் என்று வைக்க மறக்காதீர்கள்.

அந்த எழுத்துருக்களில் தமிழ் கிடையாது, தலைப்பைத் தமிழில் போட்டால் வேறு எழுத்துருவுக்குத் தாவும். அது போதாதென்று, 'நைட்ரேட்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, எல்பேடுக்கு எட்டு: உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. இதோடு மல்லுக்கட்டி ஒரு வாரம் போனது. தலைப்பில் வேதியியல் குறியீடுகளை வைத்துவிட்டு, தமிழ்ப் பெயர்களைக் குறி விளக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

விடுபட்ட மதிப்புகளையும் பாருங்கள். இரட்டைக் குழாய்க் குறியால் (||) மதிப்புகளை ஒட்டும்போது, ஒரு நாள் ஆர்செனிக் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தக் கலம் மட்டுமல்ல, அந்தத் தேதியின் முழு வரியும் மாயமாகும். கோலெஸ் ஃபங்ஷன் போட்டு, மதிப்பு இல்லாத இடத்தில் ஒரு கோடு வையுங்கள்.

வரம்பு மீறிய மதிப்பைச் சிவப்பாக்க வேண்டுமா? உலக சுகாதார நிறுவன வழிகாட்டியில் லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5, ஆர்செனிக் 0.01. அதற்கு எச்டிஎம்எல்லை இயக்கியாக வேண்டும். இயக்கியவுடன், அடுத்தடுத்து உள்ள வெற்றிடங்கள் ஒன்றாகச் சுருங்கி பத்திகள் மறுபடி சரியும். சாதாரண வெற்றிடத்துக்குப் பதிலாக சார் ஃபங்ஷனில் 160 (சுருங்காத வெற்றிடத்தின் எண்) கொடுத்து, அதனால் நிரப்புங்கள்.

கிணற்றுத்தவளை:
சார், பத்திகள் நேராக நின்றுவிட்டன! ஆனால் சிவப்பு போட்ட பிறகு ஏழு கிணறுகளில் பாதிப் பெட்டியைக் காணோம். எல்லாமே ஆர்செனிக் கிடைக்காத கிணறுகள்.

பழைய சர்வேயர்:
ஆய்வகம் அங்கே "சிறியது" குறி (<) போட்டு 0.005 என்று எழுதியிருக்கும். அளவிடக்கூடிய வரம்புக்குக் கீழே என்று அர்த்தம். எச்டிஎம்எல்லுக்கு அந்தக் குறி டேகின் தொடக்கம், பின்னால் வருவதை எல்லாம் டேகாகவே படித்துவிடும். ரீப்ளேஸ் போட்டு அதற்குரிய எச்டிஎம்எல் குறியீடாக மாற்றுங்கள்.

அட்சரேகை:
குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். 38 கிணறு, கிணற்றுக்கு 12 எண். மொத்தம் 456 எண்களை வரைபடத்தில் யார் படிக்கப் போகிறார்கள்? வரம்பு மீறியதை மட்டும் லேபிளாகப் போட்டு, முழு அட்டவணையை லேஅவுட்டில் ஓரமாக வைக்கலாமே. அங்கே நிஜமான அட்டவணையே கிடைக்கிறது, எல்பேடோடு சண்டை வேண்டாம்.

கிணற்றுத்தவளை:
நியாயம்தான், மேலாளரிடமும் சொன்னேன். பெட்டிதான் வேண்டுமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 பாயிண்ட் எழுத்தில் ஒரு பெட்டி சுமார் 30க்கு 17 மில்லிமீட்டர். 38 பெட்டியும் சேர்ந்தால் ஏ3 தாளில் 16 சதவீதம்கூட ஆகவில்லை. இடம் தாராளம். கிணறுகள்தான் பதினொன்று ஒரே மூலையில் குவிந்து கிடக்கின்றன.

பழைய சர்வேயர்:
அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி உள்படமாக வையுங்கள். மற்றவற்றை லேபிள் நகர்த்தும் கருவியால் இழுத்து, பெட்டியைப் புள்ளியோடு இணைக்கும் கால்அவுட் கோடு போடுங்கள், 3.10 பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. முதல் பெட்டியை நகர்த்தும்போது எந்தப் புலம் சாவி, அதாவது எதை வைத்துக் கிணற்றை அடையாளம் காண்பது என்று கேட்கும். தானாக வரும் எண்ணைக் கொடுக்காதீர்கள். நாளைக்கு லேயரை வேறு கோப்பாகச் சேமித்து அந்த எண்கள் மாறினால், ஒரு கிணற்றின் பெட்டி இன்னொரு கிணற்றின் இடத்துக்கு ஓடிவிடும். கிணற்று எண்ணையே கொடுங்கள்.

கிணற்றுத்தவளை:
முடிந்தது. உள்படத்தில் பதினொன்று, வெளியே இருபத்தேழு. ஒரே ஒரு பெட்டி ஆற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கரைக்கு இழுத்தால் அதன் கோடு சாலைப் பெயரை வெட்டுகிறது. ஆற்றிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.