ஆட்டோரொட்டேஷனுக்குத் ‘தற்சுழற்சி’ போதுமா?

அனுப்புநர்: சூலூர்

குழுவினர்க்கு வணக்கம்.

இலகு ஜைரோபிளேன்கள் (பின்னால் உந்தும் விசிறியும் தலைக்கு மேலே காற்றால் சுற்றும் சுழலியும் கொண்ட சிறு பறக்கும் ஊர்திகள், சுருக்கமாக ஜைரோ) வானில் இருக்கையிலேயே என்ஜின் நின்றுபோவது பற்றிய தமிழ்க் கையேட்டுக்குச் சொல் திரட்டுகிறோம் அல்லவா, அதில் ஆட்டோரொட்டேஷனுக்கு (என்ஜின் விசை இல்லாமல் காற்றின் விசையால் சுழலி சுற்றுவது) எதிரே ‘தற்சுழற்சி’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டுங்க.

பூமி தன் அச்சில் சுற்றுவதற்குப் பள்ளிப் புத்தகத்தில் அதே சொல் இருக்கிறது என்பது சின்னக் குறைதான். ஒரு சொல் இரண்டு துறையில் வாழலாம். ஆனால் ‘தன்’ என்ற முன்னொட்டு, தலைக்கு மேலே உள்ள சுழலி என்ன செய்தாலும் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று நம்பவைக்கிறது. அந்த நம்பிக்கை உயிரை வாங்கும்.

ஜைரோவில் என்ஜின் ஓட்டுவது ஊர்தியை முன்னால் தள்ளும் பின்விசிறியை, அதாவது தள்ளுவிசிறியை மட்டும். பறக்கும்போது சுழலிக்கும் என்ஜினுக்கும் தொடர்பே கிடையாது. சுழலி வட்டு பின்பக்கம் சாய்ந்திருப்பதால் காற்று அடியிலிருந்து மேலே ஊடுருவிப் போகிறது. சுழலியின் அலகு (இறக்கை) நீளத்தில், மையத்திலிருந்து ஏறக்குறைய 25 முதல் 70 சதவீதம் வரையுள்ள நடுப்பகுதிதான் அந்தக் காற்றிடம் விசை வாங்கிச் சுற்றுகிறது. நுனிப்பகுதி அந்த விசையைச் செலவழிக்கிறது. அடிப்பகுதி ஸ்டால் ஆகி (காற்று ஒட்டி ஓடாமல் தூக்குவிசை இழந்து) வெறும் இழுவையாக நிற்கிறது. என்ஜின் அமந்து போனாலும் இந்த வரவுசெலவு மாறுவதில்லை. 1923 ஜனவரியில் ஸ்பெயினில் ஹுவான் தெ லா சியர்வா உருவாக்கிய, ஜைரோபிளேனின் முன்னோடியான சி.4 ஊர்தி ஏறிக்கொண்டிருக்கையில் என்ஜின் நின்றும் பத்திரமாக இறங்கியது இதனால்தான்.

அடியிலிருந்து வரும் காற்று நின்றால் வரவு நின்றுபோகும். ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுக் கோலை) சட்டென்று முன்னால் தள்ளினால் சுழலியின் மேல் பாரம் இல்லாமல் போய், சுற்று சடசடவென்று குறையும். இணைப்பு இல்லாததால் என்ஜினைக் கொண்டு அதை மீட்க முடியாது. ஆகவே காற்று என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

---

அனுப்புநர்: பொள்ளாச்சி

நீங்கள் சொல்வது சரிங்க ஐயா. விமானம் ஓட்டிப் பழகியவர்களுக்கு என்ஜின் நின்றதும் மூக்கை அமுக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஜைரோவிலும் மூக்கு இறங்கத்தான் வேண்டும், ஆனால் மெதுவாக. உந்துகோடு (தள்ளுவிசிறியின் விசை செல்லும் கோடு) எடைமையத்துக்கு மேலே போகிற அமைப்பு என்றால், ஓடும் என்ஜின் மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அது நின்ற கணத்தில் மூக்கு மேலே எழும்பும். பயந்துபோய் முழுக் கையாகத் தள்ளுவது அங்கேதான் நடக்கிறது. கோடு எடைமையத்துக்குக் கீழே இருந்தால் மூக்கு தானே தாழும், அங்கே தள்ள வேண்டிய வேலையே குறைவு. இரண்டையும் கையேட்டில் தனித்தனியாக எழுதுங்கள்.

சொல்லுக்கு என் முன்மொழிவு: காற்றுந்து சுழற்சி.

---

அனுப்புநர்: ஈரோடு

‘காற்றுந்து’ வேண்டாமுங்க. பேருந்து, மகிழுந்து வரிசையில் அதுவும் ஒரு வண்டி என்றுதான் படிப்பார்கள். ‘காற்றோட்டச் சுழற்சி’ என்றாலோ கோழிப்பண்ணைக்குச் சன்னல் வைக்கிற விஷயமாகிவிடும். பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும் காற்றாலையைக் காத்தாடி என்கிறோம். ‘காற்றாடல்’ என்றே வைத்தால் என்ன?

---

அனுப்புநர்: சூலூர்

காற்றாடல் அழகான சொல். ஆனால் அதை வேறொன்றுக்கு ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. என்ஜின் நின்ற பிறகு தள்ளுவிசிறி காற்றில் வெறுமனே சுற்றுவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ரோட்டாக்ஸ் 912 போன்ற பற்சக்கரக் குறைப்புள்ள என்ஜினில் ஜைரோவின் வேகத்துக்கு விசிறி பெரும்பாலும் நின்றேவிடும், அப்படியும் சொல் தேவை.

சுழலிக்குக் ‘காற்றேற்புச் சுழற்சி’ என்று வைக்கலாம். காற்றை ஏற்பதால் சுழல்கிறது, ஏற்பு அறுந்தால் சுழற்சி தளரும். இனி வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்:

“என்ஜின் நின்றால் முதலில் காற்றேற்பைக் காப்பாற்று. ஸ்டிக்கை மெல்ல முன்னால் விட்டு, ஊர்தியின் கையேட்டில் உள்ள சறுக்குவேகத்தை (என்ஜின் இல்லாமல் இறங்கும் வேகத்தை) பிடி (பல இரட்டை இருக்கை ஊர்திகளில் 50 முதல் 60 நாட்). 1000 அடி உயரம் இருந்தால் 3000, 4000 அடி தூரத்துக்குள் இடம் தேடு, அதற்கு மேல் எட்டாது. காற்றுக்கு எதிராகத் திரும்பு. உயரம் மிச்சமிருந்தால் மட்டும் துணைப் பெட்ரோல் பம்பைப் போட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பார். தரைக்கு முன் பெட்ரோல் குழாயை மூடி, இக்னிஷனை அணை.”

நம் பக்கத்துக்கு ஒரு வரி கூடுதலாக வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து பலமாக அடிக்கும், தரையை நெருங்க நெருங்க அது குறையும். எதிர்காற்று திடீரென்று குறைந்தால் காட்டும் வேகமும் குறையும். அதனால் கடைசி 100 அடிக்குக் கொஞ்சம் வேகம் கூட வைத்துக்கொண்டு வர வேண்டும். வேகம் இல்லாமல் செங்குத்தாக இறங்கி வந்தால் தரையில் சமன்படுத்த ஆற்றல் மிஞ்சாது. தென்னந்தோப்பைத் தாண்டி மேட்டாங்காட்டில் (மானாவாரி நிலத்தில்) இறங்கலாம், ஜைரோவுக்குச் சில மீட்டர் ஓட்டமே போதும். காடு ஓரத்துக் கரண்டு கம்பிதான் கடைசி நொடி வரை கண்ணுக்குத் தெரியாது.

---

அனுப்புநர்: பல்லடம்

காற்றேற்பு என்றால் என்ஜின் காற்றை இழுக்கிற வாய் என்று மெக்கானிக் எடுத்துக்கொள்வாரே? அதைக் ‘காற்று உள்ளிழுப்பு’ என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீரும்.

நிற்பதற்கான காரணங்களுக்கும் சொல் வேண்டுமுங்க. வெயிலில் நிறுத்திச் சூடான என்ஜினை மறுபடி ஓட்டும்போது குழாயில் பெட்ரோல் ஆவியாகிப் பம்புக்குப் பிடி கிடைக்காமல் போகும். கிணத்து மோட்டாரில் ‘ஏர் புடிச்சுக்கிச்சு’ என்போமே, அதே கதைதான். ‘ஆவியடைப்பு’ என்றால் தோட்டத்துக்காரருக்கும் விளங்கும். ரோட்டாக்ஸ் 912 வரிசைக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் தயாரிப்பாளர் ஏற்கிறார், இங்கே பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம் கலந்தது. இதை அடிக்குறிப்பில் அல்ல, பெரிய எழுத்தில் போட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியால் ஈரக்காற்று உறைந்து பாதையை மூடுவதற்கு ‘உறைபனி அடைப்பு’. ஐப்பசி, கார்த்திகைக் காலையில் பொள்ளாச்சிப் பக்கம் ஈரம் அதிகம் என்பதால் வெளியே குளிரே இல்லாத நாளிலும் இது வரும்.

---

அனுப்புநர்: ஈரோடு

காற்றேற்புக்கு நான் சம்மதம். ‘ஏற்பு’ வன்றொடர்க் குற்றியலுகரம், அதனால் காற்றேற்புச் சுழற்சி என்று ச் போட்டே எழுதுங்கள். பட்டியலில் மாற்றிவிட்டேன்.