எடுபடாத வாதம்: எதிர்ச்சொல் தேடி

'நம்பவைக்கும் வாதம்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக, அதாவது கேட்டவரை நம்பவைக்கத் தவறும் வாதத்துக்கு, 'நம்பமுடியாத வாதம்' என்று போட்டுவிடலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல் எப்போதோ பாராட்டாகிவிட்டது. 'நம்பமுடியாத ஆட்டம்' என்றால் யாரும் ஆட்டக்காரரைச் சந்தேகிப்பதில்லை, வாயைப் பிளக்கிறோம். 'நம்பத்தகாத' என்று திருத்தினால் பேசியவரின் நாணயத்தையே கேள்வி கேட்பதாகிவிடும்.

நமக்கு வேண்டியது வேறு. தாமதமாக வந்தவர் 'வண்டி பழுதாகிவிட்டது' என்கிறார். நிஜமாகவே பழுதானதுதான். ஆனால் முகத்தைப் பார்க்காமல், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கெட்டுப்போன பாகத்தின் பெயர்வரை ஒப்பிக்கிறார். எதிரே இருப்பவர் 'சரி சரி' என்று தலையாட்டுகிறார். பொய் இல்லை, தர்க்கப்பிழையும் இல்லை. எடுபடவில்லை, அவ்வளவுதான். 'சப்பைக்கட்டு' இங்கே உதவாது, அதில் முன்கூட்டியே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 'நொண்டிச்சாக்கு' உடற்குறையை வசவாக்குகிறது, வேண்டவே வேண்டாம்.

'தேறாத வாதம்' என்று போடலாமே என்ற ஆசை எனக்கும் உண்டு. தேறுதல் என்றால் தெளிந்து நம்புதல். 'தேறற்க யாரையும் தேராது' (குறள் 509) அந்தப் பொருளில்தான் வருகிறது. கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் இதே குடும்பம். ஆனால் இன்றைக்குத் தேற்றுவது என்றால் ஆறுதல் சொல்வது. கணிதத்தில் தேற்றம் வேறு உட்கார்ந்திருக்கிறது. 'தேறாத மாணவர்' என்றால் பரீட்சையில் கோட்டைவிட்டவர். இத்தனைக்கும் நடுவில் புதுப்பொருளுக்கு இடம் எங்கே? 'கேட்டார்ப் பிணிக்கும்' (குறள் 643), அதாவது கேட்டவரைக் கட்டிப்போடும், என்பதிலிருந்து 'பிணிக்காத' எடுக்கலாமா என்றும் பார்த்தேன். பிணி என்றதும் நோய்தான் காதில் விழுகிறது.

என் ஓட்டு 'எடுபடாத' என்பதற்கே. ஒரு பேச்சு எடுபட்டதா என்பதைக் கேட்டவர்தான் சொல்ல முடியும், அதன் உண்மை பொய்யைப் பற்றி இந்தச் சொல் வாயே திறப்பதில்லை. எடுபடாத சான்று, எடுபடாமல் போன விளக்கம், வாதத்தின் எடுபடாமை என்று எந்த வடிவத்துக்கும் வளைகிறது. நிறமும் எடுபடும், நடிப்பும் எடுபடும் என்ற குறை இருக்கிறது. வாக்கியத்துக்குள் பக்கத்துச் சொல் பார்த்துக்கொள்ளும். அகராதியில் தனித்து நிற்கும்போது மட்டும் 'எடுபடா வாதம்' என்று சேர்த்தே போடலாம்.

அப்புறம், இணங்கவைப்பதன் எதிர்ச்சொல்லை இதில் கலக்க வேண்டாம். புகைப்பது கெடுதல் என்று மருத்துவர் சொன்னதை முழுக்க ஒப்புக்கொண்டுவிட்டு, வெளியே வந்ததும் ஒன்றைப் பற்றவைக்கிறாரே, அவரிடம் வாதம் எடுபட்டுவிட்டது. இணக்கம்தான் வரவில்லை. அதற்கு வேறு சொல் வேண்டும், 'இணக்காத' என்று தொடங்கிப் பார்க்கலாமா?