புதுப்பிப்பு: முற்றத்துப் பள்ளம், முதல் மாரிக்குப் பிறகு

கூரைப் பீலித் தண்ணீரை ஒழுங்கைக்கு விடாமல் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வளவிலேயே பள்ளம் வெட்டித் தேக்கி நிலத்துக்குள் இறங்கவிட்டால் நுளம்பு பெருகாதா என்று ஆவணியில் கேட்டிருந்தேன். பெருகவில்லை. ஐப்பசி அடைமழையில் அரை அடி நின்ற தண்ணீர் மறுநாள் மாலைக்குள் வடிந்துவிட்டது. நுளம்புக் குடம்பி வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும்.

பிழையும் விட்டேன். ஆர்வக்கோளாறில் சுண்ணாம்புக்கல் தெரியும்வரை தோண்டிவிட்டேன். நம்மூர்க் கல்லில் வெடிப்புகள் அதிகம். கூரையில் கிடக்கும் காக்கை எச்சமெல்லாம் வடிகட்டப்படாமலே கிணற்றில் சேர்ந்துவிடும். மணலும் செம்மண்ணும் இட்டு இரண்டு அடி நிரப்பினேன். “மூடுவதற்கா தோண்டினாய், தம்பி?” என்று அம்மா சிரித்தார்.

பள்ளத்தில் நட்டவற்றில் செவ்வரத்தை வேரழுகிப் போனது. வெட்டிவேரும் கல்வாழையும் கொழுத்து நிற்கின்றன. நேற்றுக் காலை கல்வாழை இலையடியில் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை, தொண்டை துடிக்க உட்கார்ந்திருந்தது.