பர்னபா போனது புத்தி சொல்லவா, தட்டிக்கொடுக்கவா?

மாடிச்சபை:
நேற்று ஒரு பெரியவரின் குரல்பதிவு நாலு வாட்ஸ்அப் குழு சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது. சுருக்கம் இதுதான்: புதுச் சபைகளைப் பெரிய சபைகள் 5 வருஷம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அதுவரை அங்கே ஊழியம் செய்கிற பையன்களை மேடையில் ஏற்றக்கூடாது, 'பாஸ்டர்' என்று கூப்பிடக்கூடாது. ஆதாரம் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 11:23. அந்தியோகியாவில் புதுச் சபை முளைத்ததும் எருசலேமில் இருந்த முதல் சபை தன் ஊழியர் பர்னபாவை அனுப்பியது, அவர் போய் "புத்திசொன்னான்" என்றுதான் எழுதியிருக்கிறதாம். பாராட்டினான் என்று இல்லையாம்.

அதே வசனத்தில் 'புத்திசொன்னான்' வருவதற்கு முன்னால் "சந்தோஷப்பட்டு" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை எந்தச் சந்தில் இறக்கிவிட்டு வந்தீர்கள் ஐயா?

எனக்கு ஆவடிப் பக்கம் மூன்றாவது மாடியில் சபை. தகர ஷீட் கூரை. மே மாசம் 11 மணி ஆராதனையில் ஃபேன் காற்றே சுடும். 7 வருஷம் ஆகிறது. பெரிய சபை ஆயர் ஒருவர்கூட இதுவரை அந்தப் படி ஏறியதில்லை. புத்தி சொல்லக்கூட ஏறவில்லை.

பழைய மேய்ப்பன்:
அந்தக் குரல்பதிவு என்னுடையதுதான். நான் ஒளிந்துகொள்கிற ஆள் இல்லை. தம்பி, நீங்கள் தமிழ் தெரிந்தவர்தானே? 'புத்தி சொல்வது' என்றால் என்ன என்று வீட்டில் அம்மாவைக் கேளுங்கள். தட்டிக்கொடுப்பதை நாம் புத்தி சொல்வது என்பதில்லை. பவுல் தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் படியுங்கள். கண்காணியாய், அதாவது சபைத் தலைவனாய், இருக்கிறவன் "நூதன சீஷனாயிருக்கக்கூடாது", புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாய் இருக்கக்கூடாது. "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே", அதாவது அவசரப்பட்டு ஊழியப் பட்டம் கொடுக்காதே. இரண்டும் ஒரே நிருபம், 1 தீமோத்தேயு. 5 வருஷம் என்று நான் சொன்னது என் அனுபவத்திலிருந்து.

கீபோர்டு தம்பி:
அதே நிருபத்தில் 4:12-ம் இருக்கிறது ஐயா. "உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு". 3-ம் அதிகாரத்திலிருந்து நேராக 5-க்கு எக்ஸ்பிரஸ் ரயிலில் போயிருக்கிறீர்கள் போல. நடுவில் நிறுத்தம் இல்லையா?

பழைய மேய்ப்பன்:
அந்த வசனத்தை முழுசாகப் போடுங்கள். "விசுவாசிகளுக்கு மாதிரியாயிரு" என்று முடிகிறது. மாதிரியாக இருக்கிறானா என்று பார்க்கத்தான் காலம் கேட்கிறோம்.

மாடிச்சபை:
பேச்சை மாற்ற வேண்டாம். 'புத்திசொன்னான்' என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல் 'பாரகலேயோ'. பக்கத்தில் நின்று தைரியம் கொடுப்பது, வேண்டிக்கொள்வது, ஆறுதல் சொல்வது எல்லாம் அதற்குள் அடக்கம். அதே சொல்லைத்தான் ரோமர் 12:1-ல் நம் பழைய மொழிபெயர்ப்பு "வேண்டிக்கொள்ளுகிறேன்" என்று போட்டிருக்கிறது. பர்னபா என்ற பெயருக்கே அப்போஸ்தலர் 4:36-ல் "ஆறுதலின் மகன்" என்றுதான் அர்த்தம் எழுதியிருக்கிறது. அதுவும் அதே வேர்ச்சொல். ஆறுதலின் மகன் 5 வருஷ நோட்டீஸ் ஒட்டவா அந்தியோகியாவுக்குப் போனார்?

பழைய மேய்ப்பன்:
யூடியூப் கிரேக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் 3 வருஷம் இறையியல் கல்லூரியில் உட்கார்ந்து படித்தவன். ரோமர் 12:8-ல் "புத்திசொல்லுகிறவன்" என்று வருவதும் அதே சொல். ரோமர் 12:1-ஐப் பார்த்தவருக்கு 7 வசனம் தள்ளிப் பார்க்கத் தெரியவில்லை. அப்புறம், நம் முன்னோர் சும்மா போடவில்லை அந்த வார்த்தையை. புத்திசொன்னான். அவ்வளவுதான்.

சாந்தோம் பையன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் "ஊக்கப்படுத்தினார்" என்று இருக்கிறது. சண்டை தீர்ந்ததா?

பழைய மேய்ப்பன்:
அது உங்கள் வேதம்.

சாந்தோம் பையன்:
பெயரே 'பொது' மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து செய்தது ஐயா.

கீபோர்டு தம்பி:
பொதுக் குழாய் என்றாலும் எங்கள் தெருவில் இருந்தால்தான் பிடிப்போம் என்கிறார். விடுங்கள் பிரதர்.

கொளத்தூர் அக்கா:
வார்த்தை ஆராய்ச்சி போதும். நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். இளம் சபைகளுக்குப் பெரியவர்களிடம் வேண்டியது மேடை இல்லை, கையெழுத்து. கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றவருக்குத் தனி உரிமம் வேண்டாம். சுயாதீன சபை ஊழியருக்கு அரசு கொடுக்கிற உரிமம் வேண்டும். அது இல்லாத பையன் தன் சபைப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடத்த ஒன்று பதிவாளரிடம் போக வேண்டும், இல்லாவிட்டால் பெரிய சபை ஆயர் வந்து நடத்திக்கொடுக்க வேண்டும். "எங்கள் சபையில் சேர்ந்தால் நடத்துகிறேன்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஆயரை நான் பார்த்திருக்கிறேன். பெண்ணின் அப்பா அச்சடித்த பத்திரிகைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இதற்கு என்ன செய்யலாம் என்று பேசுங்கள்.

மாடிச்சபை:
அக்கா சொல்வது சரி. ஆனால் முதலில் அவர் 'புத்திசொன்னான்' என்பதற்குத் தப்பான அர்த்தம் சொன்னதை ஒத்துக்கொள்ளட்டும்.

பழைய மேய்ப்பன்:
ஒத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

மாடிச்சபை:
அப்படியானால் நானே எழுதிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒரு பாட்டி. 40 வருஷம் ஒரு பெரிய சபையில் இருந்தவர். கடைசி 3 வருஷம் முழங்கால் வலியில் அவ்வளவு தூரம் போக முடியாமல், இரண்டு தெரு தள்ளி இருக்கிற எங்களிடம் வந்தார். மூன்று மாடியும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுதான் போவோம். அவர் இறந்த அன்று, கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்ய அந்தச் சபையின் கடிதம் வேண்டும் என்றார்கள். கேட்கப் போனால், "3 வருஷச் சந்தா பாக்கி இருக்கிறது, உறுப்பினர் பட்டியலில் பெயர் எடுத்தாகிவிட்டது". காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 4 மணி வரை அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஃப்ரீசர் பெட்டிக்கு மணிக்கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் பாக்கியைக் கட்டிய பிறகு கடிதம் வந்தது. அடக்க ஆராதனையில் நான் ஜெபிக்கலாமா என்று கேட்டேன். "நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் சகோதரர்" என்றார்கள்.

இதுதான் உங்கள் 'புத்தி'யா?

பழைய மேய்ப்பன்:
யாரோ செய்ததற்கு நான் ஜவாப்தாரி இல்லை. ஆனால் சந்தா என்பது ஒழுங்கு. 40 வருஷம் இருந்தவர் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கலாமே? நீங்கள்தான் வாங்கிவரச் சொன்னீர்களா? மாட்டீர்கள். ஆடு தானாக நடந்து வந்தது என்பீர்கள். உங்கள் சபையில் பாதிப்பேர் ஞானஸ்நானம் எடுத்தது எங்களைப் போன்றவர்களின் பதிவேட்டில்தான் இருக்கும்.

கீபோர்டு தம்பி:
ஆடு தானாக வரவில்லை ஐயா. புல் இருந்த பக்கம் வந்தது.

பழைய மேய்ப்பன்:
புல்லா, ஸ்பீக்கரா? ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் ஒரு புதுச் சபையில் டிரம்ஸ் அடித்தால் எதிர்வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. போலீஸ் வந்தால் மட்டும் "ஐயா, நீங்கள் கொஞ்சம் பேசுங்கள்" என்று எனக்குத்தான் போன். அப்போது 5 வருஷம் ஆகவில்லை என்று நான் போகாமல் இருந்தேனா? போனேன். இதுவரை 2 தடவை போயிருக்கிறேன்.

கீபோர்டு தம்பி:
எங்களிடம் டிரம்ஸ் கிடையாது. ரிதம் பேட்.

மாடிச்சபை:
தம்பி, ஸ்பீக்கர் பஞ்சாயத்துக்குப் போகாதே. அவர் விரும்புவதே அதுதான். கேள்விக்கு வருகிறேன். எடின்பரோவில் 1910-ல் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம் திருநெல்வேலி வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ன கேட்டார்? நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். மேற்பார்வையாளர்களைத் தாருங்கள் என்று கேட்கவில்லை. 1909-ல் குருப்பட்டம், 1912-ல் கல்கத்தாவில் பேராயர் அபிஷேகம். 3 வருஷம்! உங்கள் 5 வருஷக் கணக்கில் அசரியாவே தேறமாட்டார். மேடை ஏறவே இன்னும் 2 வருஷம் பாக்கி இருந்திருக்கும்.

பழைய மேய்ப்பன்:
பாதிக் கதை சொல்வது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 1895-லிருந்து 1909 வரை அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். 14 வருஷம். அதற்கு நடுவில் 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 14 வருஷம் எல்லாரும் பார்த்த பிறகுதான் கை வைத்துப் பட்டம் கொடுத்தார்கள். நான் 5 தானே கேட்கிறேன்? சலுகை விலை.

மாடிச்சபை:
14 வருஷமும் அவர் வேலை செய்தார் ஐயா. வேலை செய்ய விட்டார்கள். நீங்கள் விடச் சொல்லவில்லை, தள்ளி நின்று பார்க்கச் சொன்னீர்கள். பர்னபா தள்ளி நின்றாரா? அதே அப்போஸ்தலர் 11-ல் 26-ம் வசனம், "ஒரு வருஷகாலமாய்ச் சபையோடே கூடியிருந்து". ஒரு வருஷம் கூடவே தங்கினார். தனியாகவும் இல்லை, தர்சு ஊர் வரைக்கும் போய்ச் சவுலை, பின்னால் பவுல் ஆனவரை, தேடிக் கூட்டிக்கொண்டு வந்து. எருசலேமில் சவுலைப் பார்த்து எல்லாரும் பயந்தபோதும் கையைப் பிடித்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனவர் இதே பர்னபாதான்.

பழைய மேய்ப்பன்:
கூடியிருந்து என்ன செய்தார்? உபதேசம் பண்ணினார். அதாவது புத்தி சொன்னார். நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

மாடிச்சபை:
உங்கள் பக்கம் நான் வரவில்லை. அவர் எங்கள் பக்கம் வந்தார். படி ஏறி வந்தார்!

பழைய பொருளாளர்:
எடின்பரோவுக்கு எல்லாம் ஏன் போக வேண்டும்? தரங்கம்பாடிக்குப் போங்கள். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கியபோது வயது 24 நிரம்பவில்லை. இரண்டே வருஷத்தில் கோட்டையில் இருந்த டேனிஷ் தளபதி, கிறிஸ்தவர்தான் அவரும், பிடித்து 4 மாசம் உள்ளே வைத்தார். இளம் ஊழியருக்குப் பெரியவர்கள் செய்த முதல் மரியாதை அதுதான். நீங்கள் எல்லாம் நாற்காலி கிடைக்கவில்லை என்று அழுகிறீர்கள்.

மாடிச்சபை:
யார் நாற்காலி பற்றிப் பேசினார்கள்?

பழைய பொருளாளர்:
போன ஐக்கிய கிறிஸ்துமஸ் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே. மூன்றாவது வரிசை, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால்.

மாடிச்சபை:
ஆமாம், சொன்னேன். பத்திரிகையில் 'பாஸ்டர்' என்று அச்சடித்துவிட்டு மேடையில் "மாடியில் கூட்டம் நடத்துகிற சகோதரர்" என்று வாசித்தால் சொல்லத்தான் செய்வேன். கூட்டமாம். 110 பேர் வருகிற சபை. சரி, தென்னிந்தியத் திருச்சபையே 1947 செப்டம்பர் 27-ல், இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்ததுதான். என் தாத்தாவைவிட 6 வயது இளையது. யார் இளம் சபை, யார் பழைய சபை?

பழைய மேய்ப்பன்:
நான் அந்தச் சபை என்று எப்போது சொன்னேன்? அப்புறம் அந்தக் கட்டடமே 1815-ல் கட்டியது.

மாடிச்சபை:
கட்டடத்தைக் கேட்கவில்லை.

கொளத்தூர் அக்கா:
கல்யாண உரிமம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேதாகமத்தில் அப்பொல்லோ என்ற பிரசங்கியை ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் தனியாகச் சேர்த்துக்கொண்டு விவரமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். குரல்பதிவு போட்டு ஊருக்குச் சொல்லவில்லை. ஐயா, இந்தத் தம்பியை உங்களுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்? ஒரு தடவை போன் பண்ணியிருக்கலாமே?

பழைய மேய்ப்பன்:
அவர் எனக்குப் பண்ணியிருக்கலாமே அம்மா? வயதில் இளையவர் அவர்தானே?

மாடிச்சபை:
பண்ணினேன். பாட்டி இறந்த அன்றைக்கு. 3 தடவை. நீங்கள் எடுக்கவில்லை.

பழைய மேய்ப்பன்:
என் போனில் அப்படி ஒரு அழைப்பு இல்லை. இருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான். புத்திசொன்னான்.

மாடிச்சபை:
சந்தோஷப்பட்டு.

சாந்தோம் பையன்:
ஊக்கப்படுத்தினார்.

பழைய பொருளாளர்:
அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் உங்கள் வருஷ முடிவு ஜெபத்துக்கு எங்கள் ஹாலிலிருந்து 60 நாற்காலி வாடகை இல்லாமல் அனுப்பினோம். 58 திரும்பி வந்தது. ஒன்றில் கால் உடைந்திருந்தது. அந்த 2 எங்கே?

கீபோர்டு தம்பி:
லோடு ஆட்டோக்காரரைக் கேளுங்கள். ஏற்றும்போது நான்தான் எண்ணினேன், 60 இருந்தது.

பழைய பொருளாளர்:
கேட்டுவிட்டேன். அவர் உங்களைக் கேட்கச் சொன்னார்.